நோயாளியிடமே கேளுங்கள்: மருத்துவப் பணியில் பண்பாட்டுப் பயிற்சி, வாசகர் கேள்வி–பதில்

மருத்துவப் பணியாளர்களுக்கு அளிக்கப்படும் பண்பாட்டுத் திறன் பயிற்சியை, அதாவது வெவ்வேறு பின்புலங்களிலிருந்து வரும் நோயாளிகளை அவரவருக்கு ஏற்றபடி அணுகக் கற்பிக்கும் பயிற்சியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செவிலியர்களும் இளம் மருத்துவர்களும் எழுதியவை. இரண்டொன்றில் கோபமும் இருந்தது. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களை விலக்கி, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செவிலியர்): எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் ஒரு நாள் பண்பாட்டுத் திறன் பயிற்சிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எந்தச் சமூகத்தார் எதை ஏற்பார்கள், எதை ஏற்கமாட்டார்கள் என்று ஒரு கையேடு கொடுத்தால் போதாதா? மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோமே.

பதில்: கையேடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பேறுகாலம், இறப்பு, உடலைத் தொடுதல், இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றில் மனிதர்களுக்குள் இத்தனை வேறுபாடுகள் உண்டு என்பதே தெரியாமல் பணிக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு தொடக்கமாக உதவும். ஆனால் கையேட்டோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன நடுவயதுப் பெண் ஒருவர் படுக்கையில் முனகிக்கொண்டிருக்கிறார். அவர் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர். அந்தப் பக்கம் வந்த மருத்துவர், அவரும் அதே வழியில் வந்தவர், "இவருக்கு வலி அதிகமாக இருக்கும்போலத் தெரிகிறதே" என்று செவிலியரிடம் சொல்கிறார். செவிலியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தாம் படித்த காலத்தில் இதற்கென்றே ஒரு பாடம் எடுத்ததாகவும், இந்த மக்கள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும் பதில் சொல்லிவிடுகிறார்.

இதில் செவிலியர் கல்லாதவர் அல்லர், அக்கறையற்றவரும் அல்லர், பயிற்சி பெற்றவர். கண்ணெதிரே முனகுகிறவரைவிட வகுப்பில் எழுதிய குறிப்பை அவர் நம்பினார் என்பதுதான் நடந்தது. அந்தப் பயிற்சி இல்லாதிருந்தால் ஒருவேளை வலி மருந்தாவது கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேற்சொன்ன மருத்துவர்கள் இருவரும் "பண்பாட்டுத் திறன்" என்ற சொல்லோடு நிறைவடையாமல் "பண்பாட்டுப் பணிவு" என்ற சொல்லை முன்வைத்ததற்குக் காரணமும் இதுதான்: படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கும் பாடமாக இதைக் கருதாமல், தன்னுடைய முன்முடிவுகளைத் தானே வாழ்நாள் முழுதும் சோதித்துக்கொள்ளும் பழக்கமாக இதைக் கருத வேண்டும் என்றார்கள்.

ஆகவே உங்கள் பயிற்சி நாளில் பட்டியல் மட்டும் வாசிக்கப்பட்டால், எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டியல் என் எதிரில் இருக்கும் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று அவரிடமே எப்படிக் கேட்பது?" அதற்கு விடை சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல பயிற்றுநர்.

கேள்வி (இளம் மருத்துவர்): புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் அவருடைய பண்பாட்டை எப்போது விசாரிப்பது? நடைமுறைக்கு ஒத்துவரும் வழி ஏதாவது உண்டா?

பதில்: "உங்கள் பண்பாடு என்ன?" என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, கேட்டால் பதிலும் வராது. நோயைப் பற்றிக் கேட்டாலே போதும். மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் தம் உடன் பணியாற்றியவர்களோடு 1978இல் வெளியிட்ட கட்டுரையில் சில எளிய கேள்விகளைத் தந்தார். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, உடம்புக்குள் இது என்ன செய்கிறது, எவ்வளவு கடுமையானது, எந்த மாதிரி சிகிச்சை வேண்டும் என்று எண்ணுகிறீர்கள், இதனால் உங்கள் வாழ்க்கையில் என்ன தடைப்பட்டிருக்கிறது, இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று அவை போகும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆன பின்பும், உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்களுக்கு இவை கற்பிக்கப்படுகின்றன.

எல்லாவற்றையும் கேட்க நேரமில்லையென்றால் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்? நான் வகுப்பெடுக்கும்போது மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டபின் பத்து வினாடி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வேன். பத்து வினாடி என்பது சிறிதாகத் தெரியும், மருத்துவர் வேடம் போட்டவர் நான்காவது வினாடியிலேயே "வேறொன்றும் இல்லையே?" என்று தொடங்கிவிடுவார். நோயாளி வேடம் போட்டவரிடம் பிறகு கேட்டால், "சொல்ல வந்தேன், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்" என்பார். பயிற்சி என்றால் என் கணக்கில் பெரும்பகுதி இதுதான்.

இரத்த அழுத்த மாத்திரையைத் தலைவலி வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் "தினமும் போடுங்கள்" என்று ஐந்து முறை சொல்லியும் பயன் இருக்காது. அவருடைய கணக்கில் அழுத்தம் என்பது மனக்கவலை வரும்போது ஏறி, கவலை தீர்ந்ததும் இறங்கிவிடும் ஒன்று. கவலை இல்லாத நாளில் மாத்திரை எதற்கு? இந்தக் கணக்கை அவர் வாயால் கேட்டுவிட்டால், "நீங்கள் சொல்லும் கவலைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் தலைவலியே இல்லாத நாளிலும் குழாய்க்குள் அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது, இதோ அளந்து காட்டுகிறேன்" என்று அவர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். கேளுங்கள், விளக்குங்கள், அவர் கருத்தை ஒப்புக்கொள்ளுங்கள், பரிந்துரையுங்கள், பேசி உடன்பாட்டுக்கு வாருங்கள் என்று 1983இல் பெர்லினும் ஃபௌக்ஸும் வகுத்த ஐந்து படிகளும் ஏறக்குறைய இதே வரிசைதான். மூன்றாவது படியைத்தான் நம்மில் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

கடைசியாக, நோயாளி வெளியே போகுமுன், மாத்திரையை எப்படிப் போடுவீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு எல்லா மொழியிலும் ஒரே விடைதான், அது மரியாதைக்காகச் சொல்லப்படுவது. "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்" என்று முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டால், தேர்வு வைப்பது போலவும் இருக்காது.

கேள்வி: நோயாளியின் மொழி நமக்குத் தெரியாதபோது, உடன் வந்திருக்கும் பிள்ளைகளையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். இதில் என்ன குறை?

பதில்: குறை பெரிது. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானிய மொழி பேசும் உறவினர்கள் "இன்டாக்ஸிகாடோ" என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அவர் உண்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருதிய பொருள். மருத்துவர்களின் காதில் அது போதையேறிய நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை. இரு தரப்பும் தாங்கள் புரிந்துகொண்டதாகவே எண்ணின. போதைமருந்து மிகுதிக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்க, உண்மையில் மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்து, இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. மொழி அறவே தெரியாத இடத்தில் எச்சரிக்கையாவது இருந்திருக்கும். பாதி தெரிந்ததுபோல் தோன்றிய இடத்தில்தான் இது நடந்தது.

எழுத்திலும் இந்தப் பொறி உண்டு. நாளுக்கு "ஒரு முறை" என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதப்படும் "once" என்ற அதே நான்கு எழுத்துச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் பதினொன்று என்று பொருள். மருந்துச் சீட்டில் அதை எழுத்தால் எழுதுவதா எண்ணால் எழுதுவதா என்பது அற்பமான கேள்வி அல்ல.

2003இல் குழந்தைகள் மருத்துவத்தில் வெளியான ஓர் ஆய்வில், மொழிபெயர்ப்போடு நடந்த 13 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது 396 பிழைகள் அகப்பட்டன. ஓர் உரையாடலுக்குச் சராசரி 31. அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி பெற்ற மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களும் பிழை செய்தார்கள்தாம். ஆனால் பயிற்சியில்லாதவர்கள் செய்த பிழைகளே ஆபத்தானவையாக அதிகம் இருந்தன.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, எனக்குத் தெரியாத மொழி பேசிய மூதாட்டி ஒருவரைப் பன்னிரண்டு வயதுப் பேரன் அழைத்து வந்தான். கெட்டிக்காரப் பையன். நான் கேட்டதையெல்லாம் கேட்டு, "பாட்டிக்கு அசதியாக இருக்கிறதாம்" என்று சொன்னான். இரத்தசோகை இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த முறை தற்செயலாக அந்த மொழி தெரிந்த செவிலியர் பணியில் இருந்தார். பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில், மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன பின்பு சில மாதங்களாகத் திரும்பவும் இரத்தம் போகிறது என்று மூதாட்டி சொன்னார். கருப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி அது. பேரன் எதையும் தவறாக மொழிபெயர்க்கவில்லை. அவனிடம் சொல்ல முடியாததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் பையன் வழியாகக் கேட்க நானும் கூசினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 2016இல் வந்த விதிமுறை, உடனடி ஆபத்து உள்ள அவசர நிலை தவிர வேறு எப்போதும் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. மொழிபெயர்ப்பாளர் நேரில் வர இயலாத இடத்தில் தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ ஏற்பாடு செய்யலாம். அவர் வந்ததும், அவர் முகத்தைப் பார்த்துப் பேசாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், "இவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்" என்னாமல் "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்றே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு எல்லா நோயாளிகளும் ஒன்றுதான். வேற்றுமை பாராமல் சிகிச்சை அளிப்பதே நியாயம். பண்பாடு, பின்புலம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது புதிய பாகுபாடு ஆகாதா?

பதில்: உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1989இல் பண்பாட்டுத் திறனை வரையறுத்த டெர்ரி கிராஸும் அவருடைய குழுவினரும் அதற்கு வகுத்த ஆறு நிலைகளில், "எல்லோரும் ஒன்றுதான்" என்ற இந்த நிலையைப் பண்பாட்டுக் குருட்டுநிலை என்று பெயரிட்டு மூன்றாவது படியில்தான் வைத்தார்கள். அதற்குக் கீழே இருப்பவை வெளிப்படையான பண்பாட்டு அழிப்பும், பிற பண்பாட்டினருக்கு உதவத் தெரியாத இயலாமையும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியைப் பாருங்கள். அது யாரையும் வேற்றுமை பாராட்டாத கருவி. 2020இல் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிக்கொண்டிருந்தபோதே தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்த நிலை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதமும் வெள்ளை இனத்தவரின் அளவீடுகளில் 3.6 சதவீதமும் காணப்பட்டது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதைக் கருவி சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை. கருவிக்கே இப்படியென்றால், 2016இல் அமெரிக்க வெள்ளை இன மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பதைப் போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றார்கள் என்று கண்டறியப்பட்டதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அப்படி ஏற்றவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்களும் தங்களை வேற்றுமை பாராதவர்கள் என்றே சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: நோயாளிக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய வழக்கத்தை மதிப்பதா, நோயாளியின் உரிமையை மதிப்பதா?

பதில்: 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம் லாஸ் ஏஞ்சலஸில் நடத்தி 1995இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு, ஐரோப்பிய வழி அமெரிக்கர்களில் 87 சதவீதமும் கொரிய வழி அமெரிக்கர்களில் 47 சதவீதமும் ஆம் என்றார்கள். இதைக் காட்டி "கொரியர்களிடம் சொல்லக் கூடாது" என்று பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 47 சதவீதம் என்றால் ஏறத்தாழ இருவரில் ஒருவர் சொல்ல வேண்டும் என்றே கருதுகிறார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

எனவே நோயாளியிடமே, பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "முடிவு வந்ததும் விவரங்களை உங்களிடம் சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" தம் மகளிடம் சொல்லுங்கள் என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான், குறிப்பேட்டில் பதிந்துவிட்டு அப்படியே செய்யலாம். குடும்பத்தார் கெஞ்சுவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அச்சம் இருக்கும்; கேட்டவுடன் நம்பிக்கை இழந்துவிடுவாரோ என்று. அந்த அச்சத்தைப் பேசவிட்டுக் கேளுங்கள். அவரே நேரில் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்பதையும் முதல் நாளே அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: சமய நம்பிக்கையால் மருந்தையோ இரத்தத்தையோ மறுப்பவர்களை எப்படி அணுகுவது?

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் முழு இரத்தத்தையும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஆகியவற்றையும் ஏற்பதில்லை. ஆனால் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் அல்புமின் போன்ற கூறுகளையும், அறுவையின்போது வழியும் தம் இரத்தத்தையே சேகரித்துத் திரும்பச் செலுத்துவதையும் அவரவர் மனச்சான்றுக்கு விட்டிருக்கிறார்கள். ஒரே பிரிவுக்குள்ளேயே விடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அறுவைக்கு முன்பே தனியாக அமர்த்தி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். உறவினர் சூழ நிற்கும்போது கேட்பது சரியான கேள்வி ஆகாது.

மருந்துகளில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது கொடுப்பவர்களில் பலருக்கே தெரியாது. தெரிந்தால் மறுக்கக்கூடியவர்களிடம் சொல்லிவிடுவது நேர்மை. பல நிலைகளில் ஃபாண்டாபரினக்ஸ் போன்ற, செயற்கையாகத் தயாரிக்கப்படும் மாற்று மருந்து உண்டு. நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளியைக் கண்டிப்பதால் அவர் நோன்பை விடமாட்டார், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவார். சர்க்கரை அபாயமாக இறங்கும் வாய்ப்பு எந்த மருந்தில் அதிகம், அளவையும் வேளையையும் எப்படி மாற்றுவது, எந்த நிலையில் நோன்பை முடித்துக்கொண்டே தீர வேண்டும் என்பதை நோன்பு தொடங்குமுன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி (மருத்துவமனை நிர்வாகி): இத்தனை பயிற்சிக்கும் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா? இருந்தால் எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: நேர்மையான விடை, சான்று மெலிது என்பதே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மறுஆய்வில் தகுதிபெற்ற சோதனைகள் ஐந்தே ஐந்து. 337 பணியாளர்களும் 8,400 நோயாளிகளும் அவற்றில் இடம்பெற்றார்கள். சிலவற்றில் நன்மை தெரிந்தது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. தீங்கு உண்டா என்பதை எந்தச் சோதனையும் அளந்து பார்க்கவில்லை. பணியாளர்களின் அறிவும் மனப்பான்மையும் மாறுகின்றன என்று காட்டுவது எளிது. நோயாளியின் சர்க்கரை அளவு மாறியது என்று காட்டுவது கடினம்.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை, காரணம் தெரிவதால். பணியாளரை ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் அதே ஐந்து நிமிடத்துக்கும் அதே மொழிபெயர்ப்பாளர் இல்லாத வார்டுக்கும் அனுப்பினால் என்ன மாறும்? டெர்ரி கிராஸ் குழுவினரின் 1989 வரையறையே நடத்தை, மனப்பான்மை என்பவற்றோடு நிறுவனத்தின் கொள்கைகளையும் சேர்த்துத்தான் பண்பாட்டுத் திறன் என்றது. அமெரிக்க அரசு 2000இல் வெளியிட்டு 2013இல் விரிவாக்கிய தேசிய நெறிமுறைகளிலும் மொழி உதவி, நிர்வாகத்தின் பொறுப்பு ஆகியவை தனித்தனியே இடம்பெறுகின்றன.

நியூசிலாந்து இன்னும் ஒரு படி போனது. மாவோரி இனத்துச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் முன்னின்று வளர்த்த "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கருத்தை, அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992இல் செவிலியர் கல்விக்குள் கொண்டுவந்தது. சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று முடிவு சொல்லும் உரிமை சேவையைப் பெற்றவருக்கே உண்டு என்பது அதன் அடிப்படை. அப்போது அங்கே கடுமையான எதிர்ப்பும் இருந்தது. உங்கள் நிறுவனத்தில் பயிற்சியின் முடிவில் பணியாளர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவீர்கள். நோயாளிகளிடம் வாங்குவீர்களா என்பதிலிருந்து தொடங்குங்கள். அதோடு, எந்த மொழி பேசுகிறவர்கள் உங்களிடம் வருகிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பயிற்சிக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை மொழிபெயர்ப்புக்குத் திருப்புங்கள்.

கேள்வி (செவிலியர்): நோயாளியை மதிக்கச் சொல்கிறீர்கள். என் பின்புலத்தைச் சொல்லி, "இவர் என்னைத் தொடக் கூடாது" என்று நோயாளி சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். அந்தரங்க உறுப்புப் பரிசோதனைக்குப் பெண் பணியாளர் வேண்டும் என்று ஒரு பெண் கேட்பதும், பணியாளரின் இனத்தையோ பிறப்பையோ காட்டி ஒருவர் விலக்குவதும் ஒன்றல்ல. முதலாவதை இயன்றவரை நிறைவேற்ற வேண்டும். இரண்டாவதில், உயிருக்கு ஆபத்தான நிலையென்றால் முதலில் சிகிச்சை. சுயநினைவோடு தெளிவாக மறுப்பவரை வலிந்து தொடவும் முடியாது. நினைவு தடுமாற்றத்திலோ மறதி நோயிலோ பேசுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வெறுப்பு மட்டுமே என்றால், அந்த அறையில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் மேற்பார்வையாளர். "இங்கே பணி ஒதுக்குவது தகுதியைப் பார்த்துத்தான், இவர் தகுதியானவர்" என்று அவர் நோயாளியிடம் சொல்ல வேண்டும், அந்த வார்டில் தொடர்வதா மாறுவதா என்பதை உங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இதற்கென எழுத்தில் ஒரு நடைமுறை உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டாயப் பயிற்சிக்கான அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.